செயலி பெருகச் செயல் சுருங்குவது ஏன்?

வலுக் குறைந்தவிடத்து வலுவைக் கூட்டுதல் எவர்க்கும் இயல்பாகத் தோன்றும் வழியாகும். அறுவடைக்கு ஆள் போதாதெனின் ஆள் கூட்டுவர். பாரவண்டி மேடேறாதெனின் பின்னின்று தள்ள நால்வரை அழைப்பர். கணினியைப் பேணுவோரும் இவ்வழியையே பின்பற்றுவர். வேலை தாமதமாகின்றது என்னும் முறைப்பாடு வந்ததும், புரொசெசர் எனப்படும் செயலிகளின் தொகையை இரட்டிப்பாக்குவர். தனித்து நிற்கும் கணினியில் இதனாற் கேடு விளைதல் அரிது. ஆயின், ஒரு கணினியினுள்ளே பல கணினிகள் குடியிருக்கும் இக்காலத்தில், செயலியைக் கூட்டிய பின்னர் முன்னிருந்த வேகமும் குன்றிப்போதல் பலவிடங்களிற் காணப்படும் உண்மை. ஆள் கூடினாற் பாம்பு சாகாது என்னும் பழமொழியைச் சொல்லி இதனை ஒதுக்கிவிடலாம். ஆனாற் பாம்பு ஏன் சாகவில்லை என்பதை அறியாதவரை அதனை அடிக்கும் வழியும் தெரியவராது.

இஃது இலங்கைக் கல்வியுலகுக்குப் புறம்பான ஆராய்ச்சியன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கொரோனாத் தொற்றுக் காரணமாகக் கல்விக்கூடங்கள் மூடப்பட்டபொழுது, பாடங்களும் பரீட்சைகளும் இணையவழிக்கு மாறின. பேராதனையில் அலுவலகங் கொண்டு இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ண்' என்னும் வலையமைப்பின் துணையுடன் விரிவுரையாளர் ஸூம் வகுப்புகளை நடத்தினர். பாடக்குறிப்புகளும் வினாத்தாள்களும் பல்கலைக்கழகக் கணினிகளில் ஏற்றப்பட்டன. மலையகத் தோட்டப்புறங்களில் கைத்தொலைபேசிச் சமிக்ஞையைத் தேடி மேடுகளில் ஏறிய மாணவர் பலர். அத்தகைய மாணவன் ஒருவன் விடையை அனுப்பும்போது அப்பாலுள்ள கணினி அரை நிமிடம் தயங்குமாயின், அதற்குள் சமிக்ஞை அறுந்துபோதலுங் கூடும். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் ரூபாவின் மதிப்புப் பெரிதும் வீழ்ந்ததனாற் புதிய பெருங்கணினிகளை வரவழைத்தலும் செலவு மிக்கதாயிற்று. இருப்பதைச் செவ்வையாகப் பங்கிடும் அறிவு இதனால் முன்னிலும் இன்றியமையாததாகின்றது.

மெய்நிகர்ப் பொறி என்பது யாதெனின், உண்மைக் கணினியொன்றன் உறுப்புகளைப் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கும் தன்னைத்தானே முழுக் கணினியென எண்ணி இயங்குமாறு மென்பொருளால் அமைக்கப்படுவதாகும். பங்கிடும் மென்பொருளை ஹைப்பர்வைசர் என்பர். ஈண்டு அது மேற்பார்வை நிரல் எனப்படும். இடமளிக்கும் உண்மைக் கணினி தாய்க்கணினி எனப்படும். இவ்வெண்ணம் புதிதன்று. ஐக்கிய அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஐ.பி.எம். ஆய்வுநிலையத்தார் 1960களின் நடுப்பகுதியிற் சீ.பீ.-40 என்னும் முறைமையையும், அதனையடுத்துச் சீ.பீ.-67 என்பதையும் ஆக்கினர். 1972இல் அந்நிறுவனம் வீ.எம்./370 என்பதை வெளியிட்டது. 1999இல் வீ.எம்.வெயார் நிறுவனத்தார் இதனைச் சாதாரண மேசைக் கணினிக்கும் உரியதாக்கினர். ஒரு மெய்நிகர்ப் பொறிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகளை வழங்கும் வசதியை அவர்தம் பெருங்கணினி மென்பொருள் 2003 அளவிற் பெற்றது. இடர்ப்பாடும் அவ்வசதியோடு உடன்பிறந்ததே.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். கல்விநிலையமொன்றில் பதினாறு கருக்களையுடைய தாய்க்கணினி ஒன்று உள்ளது. கரு என்பது கோர் எனப்படும் உண்மையான செயலுறுப்பு. அத்தாய்க்கணினியிற் பரீட்சைக்குரிய மெய்நிகர்ப் பொறி நான்கு செயலிகளோடும், மின்னஞ்சற் பொறி நான்கோடும், மாணவர் பதிவேட்டுப் பொறி நான்கோடும், நூலகப் பட்டியற் பொறி இரண்டோடும், கணக்குப் பொறி இரண்டோடும் இயங்குகின்றன. கூட்டுத்தொகை பதினாறு. பரீட்சைக் காலத்தில் வேகம் போதாதெனக் கண்டு, பரீட்சைப் பொறியின் செயலிகளை நான்கிலிருந்து பதினாறாக உயர்த்துகின்றனர். அமைப்புத் திரையில் ஓரெண்ணை மாற்றியதும் காரியம் முடிந்தது. ஆயினும் தாய்க்கணினியினுள்ளே ஒரு கருவேனும் புதிதாக முளைக்கவில்லை. முன்னர் பதினாறு கருக்களைப் பதினாறு மெய்நிகர்ச் செயலிகள் நாடின. இப்பொழுது அதே பதினாறை இருபத்தெட்டு நாடுகின்றன. அத்திரையிற் கூட்டப்பெற்றது வலுவன்று, வலுவை வேண்டி நிற்கும் வரிசையே.

வரிசை நீள்வதால் மட்டும் இத்துணைத் தாமதம் விளையாது. பல செயலிகளையுடைய பொறி, அவற்றுட் சில ஓடச் சில நிற்பதைத் தாங்கும் இயல்பினதன்று என்பதே உட்காரணம். இதனை விளக்கக் கண்டிக்குச் செல்லும் இருப்புப்பாதையினும் பொருத்தமான சான்று கிடைத்தல் அரிது.

கொழும்பிலிருந்து வரும் அப்பாதை 1867இல் கண்டியை அடைந்தது. றம்புக்கனைவரை இரட்டைப் பாதை. அதற்கப்பாற் கடுகண்ணாவைவரை, ஏறத்தாழ நாற்பத்தைந்தடிக்கு ஓரடி என்னும் அளவில் மலையில் ஏறும் ஒற்றைப் பாதை. நீராவிக் காலத்தில், பாரமிக்க புகையிரதங்களை முன்னெஞ்சின் தனித்து இழுக்கவியலாது. பின்னின்று தள்ளுவதற்குத் துணையெஞ்சின் வேண்டும். துணையெஞ்சின் மலைமேற் சென்றிருக்குமாயின், முன்னெஞ்சின் நீராவி நிரம்பி நின்றும் பயனில்லை. அது மீளும்வரை முழுப் புகையிரதமும் றம்புக்கனையிற் காத்து நிற்றல் வேண்டும். ஓரெஞ்சினோடு போகத்தக்க இலகுவான வண்டியோ பாதை வெறுமையானதும் புறப்பட்டுவிடும். ஆகவே இரண்டு எஞ்சினுடைய வண்டி, வலுவில் மிக்கதாயினும், புறப்படும் வாய்ப்பிற் குறைந்தது. இதனைக் கருதியே போலும், இலங்கைப் புகையிரத இலாகா 1927இல் கரட் வகை எஞ்சினொன்றைத் தருவித்தது. இரண்டு எஞ்சின்களின் சக்கரத் தொகுதிகளை ஒரே கொதிகலத்தோடு இணைத்து, ஒரே சாரதி செலுத்துமாறு அமைந்தது அது. அதனையொத்த எட்டு எஞ்சின்கள் 1945இல் வந்தன. கடுகண்ணாவையிலுள்ள புகையிரத அரும்பொருளகத்தைக் காணச் செல்லும் மாணவர் இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு செல்வாராக.

மெய்நிகர்ப் பொறிக்கும் இந்நிலையே நேர்கின்றது. பல செயலிகள் ஒருமித்து இயங்க வேண்டிய வேலையில் அவற்றுக்கு ஒரே வேளையில் இடமளித்தல் நன்று என ஜோன் ஓஸ்டர்ஹவுட் 1982இல் எடுத்துரைத்தார். வீ.எம்.வெயார் நிறுவனத்தின் பழைய பதிப்புகள் இக்கொள்கையை இறுக்கமாகவே கையாண்டன. நான்கு செயலியுடைய பொறி ஓடுவதற்கு நான்கு கருக்கள் ஒருங்கே ஒழிவாதல் வேண்டும். மூன்று ஒழிந்திருந்தால் அம்மூன்றும் வீணே கிடக்கும், அல்லது சிறிய பொறிகளுக்குச் செல்லும். மேற்கூறிய பரீட்சைப் பொறி பதினாறு செயலிகளோடு அத்தகைய முறைமையில் இருக்குமாயின், தாய்க்கணினியின் எல்லாக் கருக்களும் ஒரே கணத்தில் ஒழிய வேண்டும். ஏனைப் பொறிகள் நான்கும், மேற்பார்வை நிரலின் சொந்த வேலைகளும் இருக்கையில் அத்தகைய கணம் எப்பொழுது வாய்க்கும்? 2006இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் இக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. சில செயலிகள் முன்னே ஓடலாம்; ஆனால் அவற்றுக்கும் பின்தங்கியவற்றுக்கும் இடைவெளி மிகுமாயின், முந்தியவை நிறுத்தப்படும். இந்நிறுத்தத்தைக் கோ-ஸ்டொப் என்னும் அளவாகவும், கருவுக்காக வரிசையில் நிற்கும் காலத்தை ரெடி என்னும் அளவாகவும் அம்முறைமை காட்டும்.

லினக்ஸ் சார்ந்த கே.வி.எம். போன்ற முறைமைகள் இவ்வாறு சேர்த்தோட்டும் நியதியைக் கொள்வதில்லை. ஒவ்வொரு மெய்நிகர்ச் செயலியையும் தனித்தனி வேலையாகவே கருதும். அதனால் இடர் நீங்கிற்றென எண்ணுதல் தவறு. அது வேறு வாயிலாக உட்புகும். இதற்கும் இருப்புப்பாதையே துணை. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வண்டிகள் மோதாதிருக்க, அப்பகுதிக்குரிய அனுமதி வட்டைக் கையிற் பெற்ற சாரதி மட்டுமே உட்புகலாம் என்பது மலைநாட்டுப் பாதையிற் பழைய வழக்கம். வட்டைப் பெற்ற சாரதி அதனைச் சட்டைப்பையில் வைத்தபடியே உறங்கிவிடின், ஏனைய வண்டிகள் யாவும் முடங்கும். நிலைய அதிபர் எத்துணை எஞ்சின்களை வரவழைத்தாலும் பயனில்லை. கணினியின் இயக்கமுறைமையிலும் பொதுப்பொருளைத் தொடுமுன் பெறவேண்டிய அத்தகைய வட்டு உண்டு. அதனைப் பூட்டு என்பர். பூட்டைப் பெற்ற செயலி சில நுண்வினாடிகளில் அதனை விட்டுவிடும் என்னும் நம்பிக்கையில், மற்றச் செயலிகள் அகலாது சுழன்று காத்திருக்கும். உண்மைக் கணினியில் அந்நம்பிக்கை பிழைப்பதில்லை. மெய்நிகர்ப் பொறியிலோ, பூட்டை வைத்திருக்கும் செயலியையே மேற்பார்வை நிரல் கருவிலிருந்து இறக்கிவிடக்கூடும். அது மீண்டும் ஏறும்வரை மற்றவை சுழன்றுகொண்டே, கருக்களின் காலத்தையும் உண்டுகொண்டேயிருக்கும். செயலிகள் மிகுந்தளவு இவ்விபத்தும் மிகும். இதனை ஊலிக் என்பாரும் அவருடன் ஆய்ந்தோரும் 2004இல் விரிவாக ஆராய்ந்தனர். பின்னர் இன்ரெல், ஏ.எம்.டி. நிறுவனத்தார், வீணே சுழலும் செயலியை இனங்கண்டு இறக்கும் உறுப்புகளைத் தத்தம் சில்லுகளிற் சேர்த்தனர். இடர் குறைந்தது, ஒழியவில்லை.

இவ்வளவும் பங்கீட்டால் வருங் கேடு. வேலையின் அமைப்பினாலேயே பயன் குன்றுதலும் உண்டு. கண்டியிலிருந்து பேராதனைக்குச் செல்ல, பழைய பேராதனை வீதியும் வில்லியம் கொபல்லாவ மாவத்தையும் என இரு வழிகள் உள. இரண்டும் கெட்டம்பேயில் ஒன்றாகின்றன. அங்கிருந்து செல்லும் வீதி நெரிந்துகிடக்குங் காலை, நகரினுள் மூன்றாவது வீதியொன்றை வெட்டினாலும் பேராதனையை விரைவில் அடைதல் கூடாது. கணினி வேலையிலும் பகுக்கவியலாத பகுதி ஒன்று எப்பொழுதும் உண்டு. ஜீன் அம்டால் என்பார் 1967இல் இதனை நிறுவினார். ஒரு வேலையிற் பத்திலொரு பங்கு பகுக்கவியலாததெனின், நான்கு செயலிகள் அதனை ஏறத்தாழ 3.1 மடங்கு விரைவாக்கும். பதினாறு செயலிகள் 6.4 மடங்கே விரைவாக்கும். எண்ணிறந்த செயலிகளைச் சேர்த்தாலும் பத்து மடங்கைத் தாண்டவியலாது. அம்டாலின் கணக்கில் வேகம் ஓரெல்லையில் நின்றுவிடுமேயன்றிக் குறைவதில்லை. குறைவதற்குக் காரணம், செயலிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறி இணங்குவதற்காகும் செலவு. செயலி பெருகப் பெருக இச்செலவு அதனினும் விரைந்து பெருகும் என்பதை நீல் கன்தர் 1990களில் தம் சூத்திரத்தில் இணைத்துக் காட்டினார். வேகம் ஓர் உச்சியைத் தொட்டபின் கீழிறங்கும் என்பது அதன் முடிபு.

இப்பிணி பெருங்கணினிக்கு மட்டும் உரியதன்று. மடிக்கணினியில் வேர்ச்சுவல்பொக்ஸ் நிறுவி லினக்ஸ் பயிலும் மாணவரிடையே இதனை அடிக்கடி காணலாம். மாணவனது கணினியில் இரண்டு கருக்கள். ஒவ்வொன்றும் இரண்டு இழைகளை ஏந்துவதால், விண்டோஸ் நான்கு செயலிகளெனக் காட்டும். மாணவன் நான்கையும் மெய்நிகர்ப் பொறிக்கே வழங்கிவிடுகின்றான். இழை என்பது முழுக் கருவன்று. ஒரு கருவை இருவர் பகிர்ந்து பயன்படுத்தும் ஏற்பாடே. அன்றியும், மெய்நிகர்ப் பொறியின் வட்டிலிருந்து தரவைப் படித்துக் கொடுப்பதும், அதன் திரையை வரைவதும் தாய்க்கணினியே. எல்லாக் கருக்களையும் குடியிருப்பவனுக்கு ஈந்துவிட்டால், அவனுக்குத் தண்ணீர் இறைப்பவன் எங்கே நிற்பான்? உண்மைக் கருக்களின் தொகைக்கு மேற் செயலிகளை வழங்கலாகாது என அம்மென்பொருளின் கையேடே கூறுகின்றது. நான்கை இரண்டாக்கியதும், சிலவேளை ஒன்றாக்கியதும், பொறி உயிர்பெறுவதைக் காணலாம். விண்டோஸின் ஹைப்பர்-வீ தானே விழித்திருந்து வன்பொருளைக் கைக்கொண்டிருந்தாலும் இம்மென்பொருள் மந்தமாகும். அப்பொழுது சாளரத்தின் அடியில் ஓர் ஆமையின் உருவம் தோன்றும். ஆமையைக் கண்டபின்னும் செயலியைக் கூட்டுவோர் உளர்.

இனி, எண்ணளவன்றி இடத்தால் வரும் இடர் ஒன்றும் கருதற்பாலது. இருசில்லுப் பெருங்கணினிகளில் ஒவ்வொரு சில்லுக்கும் அதனையடுத்த நினைவகம் தனியே உண்டு. மறுபுற நினைவகத்தை அணுகக் காலம் கூடுதலாகும். இவ்வமைப்பு நூமா எனப்படும். எட்டுக் கருக்களையுடைய சில்லொன்றில் எட்டுச் செயலியுள்ள பொறி அடங்கும். ஒன்பதாவதைச் சேர்த்ததும் அது இரு சில்லுகளிலும் கால்பரப்பி நிற்கின்றது. 2011இல் வந்த வீ.எம்.வெயார் ஐந்தாம் பதிப்பு இவ்வமைப்பை மெய்நிகர்ப் பொறிக்கும் தெரியக் காட்டிற்று. ஆயினும் பொறியை நிறுத்தாமலே செயலி சேர்க்கும் வசதியை இயக்கிவைத்தால், அவ்வறிவிப்பு அதன் பல பதிப்புகளில் மறைந்துவிடும். வசதிக்கெனத் தொட்ட பொத்தானே வேகத்தைக் கெடுத்தவாறு இது. விண்டோஸின் மனைப்பதிப்பு ஒரு சில்லையும், தொழிற்பதிப்பு இரண்டையுமே ஏற்கும் என்பதும் அறியத்தக்கது. நான்கு தனிச் சில்லுகளாகச் செயலிகளை அமைத்துவிட்டு, இரண்டு ஏன் உறங்குகின்றன என வியப்பதிற் பொருளில்லை. அவற்றை ஒரு சில்லின் நான்கு கருக்களாக அமைத்தல் போதும்.

நோயறியும் முறை இவற்றிலிருந்து பெறப்படும். முதலில் நோக்கவேண்டியது பொறியின் உள்நிலை. லினக்ஸில் டொப் என்னும் கட்டளை தரும் வரிகளுள் எஸ்.டி. என்னும் எழுத்துகளோடு ஓரெண் வரும். வேலை இருந்தும், தாய்க்கணினி கருவை வழங்காமையாற் களவுபோன காலத்தின் நூற்றுவீதம் அது. கே.வி.எம்., ஸென் ஆகியவற்றில் அவ்வெண் உயர்ந்திருப்பின், இன்னொரு செயலியைச் சேர்த்தல் எரியும் நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகும். டபிள்யூ.ஏ. என்னும் எண் உயர்ந்திருப்பின் பொறி வட்டுக்காகக் காத்திருக்கின்றது. செயலிக்கு அங்கே வேலையே இல்லை. மொத்தப் பயன்பாடு நூற்றுக்கு ஆறு எனக் கண்டு பொறி சும்மா இருக்கின்றதென முடிவுசெய்தலும் ஆகாது. பதினாறு செயலிகளுள் ஒன்று மூச்சுத்திணறப் பதினைந்து கைகட்டி நின்றாலும் கணக்கு நூற்றுக்கு ஆறே. ஒவ்வொரு செயலியையும் தனித்தனி நோக்கினால் உண்மை வெளிப்படும். அந்நிலையில் வேண்டுவது வேகமிக்க கரு, அல்லது செம்மையான நிரல்.

வீ.எம்.வெயார் முறைமையில் உள்ளிருந்து காண்பது போதாது. மேற்பார்வை நிரலின் பக்கத்திலிருந்து நோக்கல் வேண்டும். ஆங்கு ரெடி அளவு இருபது வினாடிக்கு ஒருமுறை, எல்லாச் செயலிகளுக்கும் கூட்டாக, மில்லிவினாடியில் தரப்படும். பதினாறு செயலியுள்ள பொறிக்கு அது 32,000 எனக் காட்டினால், ஒவ்வொரு செயலிக்கும் 2,000. அதாவது இருபது வினாடியில் இரண்டு வினாடி, நூற்றுக்குப் பத்துப் பங்கு, வரிசையிற் கழிந்தது. நூற்றுக்கு ஐந்தைத் தாண்டினாற் கவனித்தலும் பத்தை அடைந்தால் மாற்றுதலும் இத்துறையில் வழங்கும் நடைமுறை. மொத்தத் தொகையைக் கண்டு அஞ்சுவோரும், ஒரு செயலிக்குரிய பங்கைக் கணியாதுவிட்டுப் பிழையான இடத்தைச் சாடுவோரும் பலராதலின் இக்கணக்கு இங்கே விரித்துரைக்கப்பட்டது.

அளந்த பின்னர்ச் செய்யவேண்டியது, பெரும்பாலோர் செய்யத் தயங்கும் செயல்: குறைத்தல். செயலியைக் கூட்டுவோரை எவரும் வினவுவதில்லை. குறைப்பவர் காரணங் காட்டவேண்டியவராகின்றார். ஆதலாற் பரீட்சை இல்லாத நாளொன்றிற் பொறியை நிறுத்தி, பதினாறை எட்டாகவும், பின்னர் ஆறாகவும் நான்காகவும் இறக்கி, ஒவ்வொரு நிலையிலும் ஒரே வேலையை ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் காலத்தைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஒரு தடவையில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் விஞ்ஞானகூட மாணவர் அறிந்த விதி. கணினியறையிலும் அதற்கு விலக்கில்லை. நான்கிற்கும் எட்டிற்கும் வேறுபாடு காணப்படாவிடின் நான்கே போதும். ஆறில் உச்சம் தோன்றினால் ஆறைக் கொள்ளலாம். செயலிகள் இரண்டின் அடுக்குகளாகவே இருத்தல் வேண்டுமென்னும் நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. இச்சோதனையின்போது அயலிலுள்ள நூலகப் பட்டியற் பொறியின் ரெடி அளவையும் உடன் குறித்துவைப்பது நன்று. எவரும் கைவைக்காத அப்பொறி, பரீட்சைப் பொறி நான்காகச் சுருங்கிய மறுகணமே விரைந்து விடையளிக்கத் தொடங்கும். ஒரு நூலைத் தேடித் திரையின்முன் அமர்ந்திருப்பவருக்கு அதன் காரணம் தெரியாது.